தோற்றவரின் விலாசப் பட்டியல்

1964 நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல்.

யாரும் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சனுக்கு 4 கோடியே 31 லட்சம் ஓட்டு. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டருக்கு 2 கோடியே 72 லட்சம். 50 மாநிலங்களில் 44 ஜான்சன் பக்கம். மாநிலவாரியாகக் கணக்கிடும் எலக்டோரல் ஓட்டில் 486க்கு 52. சொந்த மாநிலமான அரிசோனாவையே கோல்ட்வாட்டர் நூற்றுக்கு ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் காப்பாற்றிக்கொண்டார்.

சாதாரணத் தோல்வி இல்லை. தர்ம அடி.

கோல்ட்வாட்டர் தன்னை 'கன்சர்வேடிவ்' என்று சொல்லிக்கொண்டவர். அதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டவர். ஆகவே, அமெரிக்காவில் அந்தக் கொள்கைக்கே காரியம் முடிந்துவிட்டது என்று அரசியல் பண்டிதர்கள் எழுதித் தள்ளினார்கள். இனிமேல் குடியரசுக் கட்சி இந்த மாதிரி ஆசாமிகளைக் கிட்டவே சேர்க்காது என்றார்கள்.

தேர்தல் முடிந்து எல்லோரும் வேறு வேலை பார்க்கப் போன சமயத்தில், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கீழ்ச்சபையின் அலுவலகத்துக்குள் ஒரு மனிதர் நுழைந்தார். பெயர் ரிச்சர்ட் விகரி. டெக்ஸாஸ்காரர். வயது 31. அன்றைய சட்டப்படி வேட்பாளருக்கு 50 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரும் விலாசமும் அந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

விகரி போனார். கோல்ட்வாட்டருக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கையால் எழுத ஆரம்பித்தார். கை ஓய்ந்ததும், எழுதுவதற்குச் சில பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். கடைசியில் அவரிடம் சேர்ந்தது சுமார் 12,500 பெயர்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு கடை திவாலாகிவிட்டால் ஏலத்தில் மேஜை போகும், நாற்காலி போகும், சரக்கு போகும். ஆனால், புத்திசாலி ஒருத்தன் வந்து, 'இதெல்லாம் எனக்கு வேண்டாம், வாடிக்கையாளர் விலாசம் எழுதின நோட்டு இருக்குமே, அதைக் கொடு' என்பான். விகரி செய்தது அதைத்தான். தோற்றுப்போன கடையின் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 1965 ஜனவரியில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 16 வருஷத்தில் அந்தக் கடை வெள்ளை மாளிகையைப் பிடித்தது.

அது எப்படி? அதற்கு அந்தக் கடை என்ன விலை கொடுத்தது? அதுதான் கதை.

*

முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலைக்குப் போகக்கூடிய அமெரிக்கர்களில் நாலில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். 1933ல் பதவிக்கு வந்த ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட், அரசாங்கத்தின் கஜானாவைத் திறந்துவிட்டார். வேலை கொடுத்தார். பேங்குகளைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். 1935ல் முதியோர் பென்ஷனுக்கு வழிசெய்யும் 'சோஷியல் செக்யூரிட்டி' சட்டத்தைக் கொண்டுவந்தார். ஜனங்கள் அவரை நாலு தடவை தேர்ந்தெடுத்தார்கள்.

பிடிக்காதவர்களும் இருந்தார்கள். இப்படி எல்லாவற்றிலும் அரசாங்கம் மூக்கை நுழைத்தால் தனிமனிதனுக்கு என்ன மிச்சம் என்று கேட்டார்கள். குடியரசுக் கட்சியில் அவர்களுக்கு ராபர்ட் டாஃப்ட் என்ற செனட்டர் தலைவர். ஒரு முன்னாள் ஜனாதிபதியின் மகன். 1940, 1948, 1952 என்று மூன்று முறை கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று மூன்று முறையும் தோற்றார். 1952ல் அவரைத் தோற்கடித்தவர் இரண்டாம் உலகப்போர் ஹீரோ ஐஸனோவர்.

சரி, 20 வருஷம் கழித்து நம் கட்சி ஆட்சிக்கு வந்ததே, இனி எல்லாம் மாறும் என்று பார்த்தால், மாறவே இல்லை. ஐஸனோவர் பென்ஷன் திட்டத்தை இன்னும் பல லட்சம் பேருக்கு விரிவுபடுத்தினார். பெரும் பணக்காரர்களின் வருமானத்தில் உச்சப்படிக்கு 91 சதவிகித வரி அப்படியே தொடர்ந்தது. எந்தக் கட்சி வந்தாலும் ரூஸ்வெல்ட்தான் ஆள்கிறார் என்று நொந்துபோனார்கள்.

நொந்துபோனவர்களில் ஒருவர் வில்லியம் பக்லி. எண்ணெய் வியாபாரி வீட்டுப் பையன். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தையே திட்டிப் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். 1955 நவம்பரில், தன் 30வது பிறந்தநாளுக்குச் சில தினங்கள் முன்னால், 'நேஷனல் ரிவ்யூ' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். சரித்திரத்தின் குறுக்கே நின்று 'நிறுத்து' என்று கூச்சல் போடுவதுதான் எங்கள் வேலை என்று முதல் இதழிலேயே அறிவித்தார்.

அப்போது கன்சர்வேடிவ் என்ற ஒரே பெயரில் மூன்று ரகம் உண்டு. வரியைக் குறை, வியாபாரத்தில் தலையிடாதே என்பவர்கள் ஒன்று. மதம், குடும்பம், பழைய ஒழுக்கம் என்பவர்கள் இன்னொன்று. கம்யூனிஸத்தை உலகத்தைவிட்டே துரத்து என்பவர்கள் மூன்றாவது. இவர்களுக்குள் ஒத்தே போகாது. தலையிடாதே என்பவனுக்கு மதம் எதற்கு? அரசாங்கம் சின்னதாக இருக்கட்டும் என்பவன் ராணுவத்துக்கு மட்டும் எப்படிக் கோடி கோடியாகக் கொடுப்பான்? பக்லியின் பத்திரிகை மூன்று பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தது. கம்யூனிஸம் என்ற பொது எதிரி இருந்ததால் பந்தி கலையாமல் நடந்தது.

வேண்டாத விருந்தாளிகளும் வந்தார்கள். ராபர்ட் வெல்ச் என்று ஒரு மிட்டாய் வியாபாரி. 1958ல் 'ஜான் பிர்ச் சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். ஐஸனோவரே கம்யூனிஸ்டுகளின் கையாள் என்று நம்பியவர்! 1962ல் பக்லி தன் பத்திரிகையில் வெல்ச்சைப் போட்டு வாங்கினார். கிறுக்கர்களை ஒதுக்கியதற்காகப் பக்லியை இன்றைக்கும் பாராட்டுவார்கள்.

பாராட்டுகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிற சங்கதி ஒன்று உண்டு. 1957ல் அதே பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதியது. தெற்கு மாநிலங்களில் வெள்ளையர்கள் எண்ணிக்கையில் குறைவாக உள்ள இடங்களிலும் அதிகாரம் அவர்கள் கையில்தான் இருக்கவேண்டும் என்றது. காரணம், அவர்கள்தான் இப்போதைக்கு முன்னேறிய இனமாம். பிற்காலத்தில் பக்லி அந்த நிலையிலிருந்து மாறினார், வருத்தமும் பட்டார். ஆனால் அன்றைக்கு எழுதியது எழுதியதுதான்.

*

இப்போது கோல்ட்வாட்டரிடம் வருவோம்.

1909ல் ஃபீனிக்ஸ் நகரில் பிறந்தவர். அரிசோனா அப்போது ஒரு மாநிலமாகக்கூட ஆகியிருக்கவில்லை. தாத்தா, போலந்திலிருந்து பிழைக்க வந்த யூதர். குடும்பத்துக்கு ஜவுளியும் பிறவும் விற்கும் பெரிய கடை. மனுஷர் விமானம் ஓட்டுவார், போட்டோ பிடிப்பார், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். 1952ல் செனட்டர் ஆனார்.

1960ல் அவர் பெயரில் 'ஒரு கன்சர்வேடிவின் மனசாட்சி' என்று ஒரு சின்னப் புத்தகம் வந்தது. எழுதியது அவரல்ல. பக்லியின் மைத்துனர் பிரென்ட் போஸெல். அதனால் என்ன? கல்லூரிப் பையன்கள் அதை வேதம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அதே வருஷம் பக்லி வீட்டுத் தோட்டத்தில் கூடி ஓர் இளைஞர் அமைப்பையும் ஆரம்பித்தார்கள். நம் விகரி அந்த அமைப்புக்குத்தான் வசூல் வேலைக்கு வந்து சேர்ந்தார். நேரில் போய்ப் பணம் கேட்க அவருக்கு ஏகக் கூச்சம். அதனால் கடிதம் எழுதிக் கேட்க ஆரம்பித்தார். ஒரு மனிதரின் கூச்சம் ஒரு நாட்டின் அரசியலை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்.

1964 ஜூன் மாதம். கறுப்பர்களை ஹோட்டலில், தியேட்டரில், வேலையில் ஒதுக்கிவைப்பதைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் ஓட்டெடுப்புக்கு வந்தது. 73க்கு 27 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சி செனட்டர்கள் 33 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 6 பேர். அந்த ஆறில் ஒருவர் கோல்ட்வாட்டர்.

அவர் இனவெறியரா? அவரைத் தெரிந்தவர்கள் இல்லை என்பார்கள். 1957லும் 1960லும் வந்த சிவில் உரிமைச் சட்டங்களை ஆதரித்து ஓட்டுப் போட்டவர். அரிசோனாவின் விமானப்படைப் பிரிவில் கறுப்பர், வெள்ளையர் என்ற பிரிவினையை நீக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் சொன்ன காரணம் வேறு. தன் கடையில் யாரை உள்ளே விடுவது என்று ஒரு கடைக்காரனுக்கு உத்தரவு போட மத்திய அரசுக்கு அரசியல் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்றார்.

காகிதத்தில் படிக்க அது ஒரு கொள்கைதான். ஆனால், மிசிசிப்பியில் அந்தக் கோடைக்காலத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? அங்கே ஓட்டுப் போடும் வயதுள்ள கறுப்பர்களில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேர்தான் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். மற்றவர்களைப் பதிவு செய்யவைப்பதற்காக இளைஞர்கள் ஊர் ஊராகப் போனார்கள். அவர்களில் மூன்று பேர், ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர், ஜூன் 21ம் தேதி நெஷோபா என்ற கவுன்டியில் காணாமல் போனார்கள். செனட் ஓட்டெடுப்பு முடிந்து இரண்டே நாள். ஆகஸ்ட் 4ம் தேதி, ஒரு மண் அணைக்கு அடியில் மூன்று பிணங்களும் கிடைத்தன. கொலைச் சதியில் உள்ளூர் போலீஸ் அதிகாரியும் உடந்தை.

'மாநிலங்களே பார்த்துக்கொள்ளும்' என்பதற்கு அந்த ஊரில் அர்த்தம் இதுதான். கோல்ட்வாட்டரின் வார்த்தைகளைத் தெற்கத்தி வெள்ளையர்கள் தங்கள் அகராதியில் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். அவருக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது.

ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவில் கட்சி மாநாடு. தீவிரவாதிகளைக் கண்டித்துப் பேச வந்த நியூயார்க் கவர்னர் ராக்கஃபெல்லரைப் பேசவிடாமல் கத்தித் தீர்த்தார்கள். வேட்பாளராக ஏற்றுப் பேசிய கோல்ட்வாட்டர், சுதந்தரத்தைக் காப்பதற்காகத் தீவிரவாதியாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை என்று ஒரே போடாகப் போட்டார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தேசம் திடுக்கிட்டது.

ஜான்சன் கோஷ்டி சும்மா இருக்குமா? செப்டம்பர் 7ம் தேதி டி.வி.யில் ஒரு விளம்பரம். ஒரு சின்னப் பெண் பூவிதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். எண்ணிக்கை ராக்கெட் கவுன்ட் டவுனாக மாறுகிறது. அணுகுண்டு வெடிக்கிறது. கோல்ட்வாட்டரின் பெயரே அதில் கிடையாது. விளம்பரமாக ஒளிபரப்பானது ஒரே ஒரு முறை. போதாதா? இந்த ஆள் வந்தால் பட்டனை அழுத்திவிடுவார் என்ற பயம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பென்ஷனில் சேருவதை அவரவர் இஷ்டத்துக்கு விடலாம் என்று முன்பு சொல்லிவைத்திருந்தது வேறு கழுத்தில் சுருக்காக இறுகியது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 27ம் தேதி, கோல்ட்வாட்டருக்காக ஒரு சினிமா நடிகர் டி.வி.யில் அரை மணிநேரம் பேசினார். இரண்டு வருஷம் முன்புவரை ஜனநாயகக் கட்சியில் இருந்தவர். கோல்ட்வாட்டர் சொன்ன அதே விஷயங்கள்தான். ஆனால், இவர் சொன்னபோது பயமாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. நன்கொடை கொட்டியது.

நடிகர் பெயர் ரொனால்ட் ரீகன்.

*

ஆக, 1964 நவம்பரில் கன்சர்வேடிவ் இயக்கத்தின் ஐந்தொகையை எழுதினால் இப்படி இருக்கும். நஷ்டம்: ஒரு தேர்தல். மிச்சம்: ஒரு பத்திரிகை, இளைஞர் பட்டாளம், ஒரு நல்ல பேச்சாளர், 12,500 விலாசம்.

அப்புறம் ஆறு மாநிலங்கள். அரிசோனா போக மற்ற ஐந்தும் தெற்கு: மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, சவுத் கரோலினா. ஜார்ஜியா தன் சரித்திரத்திலேயே முதல் முறையாகக் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தது. மிசிசிப்பியில் கோல்ட்வாட்டருக்கு 87 சதவிகிதம்! அடிமைமுறையை ஒழித்த லிங்கனின் கட்சி அது. அந்தக் காரணத்துக்காகவே நூறு வருஷமாகத் தெற்கத்தி வெள்ளையர்கள் வெறுத்த கட்சி.

மறுபக்கம் பாருங்கள். 1960ல் குடியரசுக் கட்சியின் நிக்ஸனுக்குக் கறுப்பர் ஓட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது. 1964ல் அது நூற்றுக்கு ஆறு ஆனது. அந்தக் கணக்கு அதன்பிறகு நேராகவே இல்லை. இது வரவா, கடனா? அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

விகரி தபால் பெட்டியை நம்பி வேலையைத் தொடங்கினார். அந்தத் தொழிலின் சூட்சுமம் எளிமையானது. முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குக் கடிதம் போட்டால் பத்து, இருபது பேர்தான் பணம் அனுப்புவார்கள். அச்சுக்கூலி, தபால் செலவுக்கே சரியாகிவிடும். பல சமயம் கைநஷ்டம். ஆனால், அந்தப் பத்துப்பேர் இனி தெரிந்தவர்கள். அவர்களுக்கு மறுபடி எழுதினால் மறுபடி அனுப்புவார்கள். லாபம் அங்கேதான். ஒருமுறை ஏமாந்தவன் மறுபடி வரமாட்டான், ஒருமுறை நம்பியவன் திரும்பத் திரும்ப வருவான்.

நம்பவைப்பது எப்படி? பயமுறுத்தவேண்டும். கோபமூட்டவேண்டும். 'அன்புள்ள நண்பரே, உங்கள் குழந்தையின் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது தெரியுமா?' என்கிற தினுசில் ஆரம்பிக்கும் நாலு பக்கக் கடிதம். டி.வி.யில் பேசினால் ஊருக்கே கேட்கும், எதிராளி பதில் சொல்லுவான். கடிதம் ரகசியம் மாதிரி. படிக்கிறவருக்கும் அனுப்பியவருக்கும் நடுவே யாருமில்லை. பெயர்கள் கம்ப்யூட்டர் டேப்களில் ஏறின. ஆயிரங்கள் லட்சங்களாயின. பெரிய முதலாளிகளின் தயவோ, கட்சி ஆபீஸின் தயவோ இல்லாமல், பத்து டாலர், பதினைந்து டாலராக ஓர் இயக்கம் தன் காலில் நிற்க ஆரம்பித்தது.

இதற்கிடையில் 1966ல் ரீகன், கிட்டத்தட்ட 10 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் கலிஃபோர்னியா கவர்னர் ஆகிவிட்டார். 1968ல் ஜார்ஜ் வாலஸ் என்ற முன்னாள் அலபாமா கவர்னர், இனப்பிரிவினையின் பிதாமகர், தனிக்கட்சியில் நின்று ஐந்து தெற்கு மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனார். அந்த ஓட்டையெல்லாம் நம் பக்கம் கொண்டுவந்தால் என்ன என்று கணக்குப் போட்டவர், அந்தத் தேர்தலில் ஜெயித்த நிக்ஸன். கறுப்பர் என்ற சொல்லையே எடுக்காமல் 'சட்டம் ஒழுங்கு' என்று பேசினார். புரியவேண்டியவர்களுக்குப் புரிந்தது. 1972 தேர்தலில் வாலஸுக்கு ஏற்பட்ட கடனை அடைக்கக் கடிதம் எழுதிப் பணம் திரட்டிக் கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் விகரிதான். அந்தப் பெயர்களும் அவர் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலுக்கு ஏது மனசாட்சி?

*

எழுபதுகளில் பந்திக்குப் புது ஆட்கள் வந்தார்கள்.

இல்லினாய் மாநிலத்தில் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி என்று ஒரு பெண்மணி. ஆறு குழந்தைகளின் தாய். 1964ல் கோல்ட்வாட்டரை ஆதரித்துச் சொந்தமாக அச்சிட்ட புத்தகத்தை லட்சக்கணக்கில் விற்றவர். 1972ல், ஆண் பெண் சம உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 38 மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் சட்டம். அடுத்த வருஷ முடிவிலேயே 30 மாநிலங்கள் ஒப்புக்கொண்டாயிற்று. இனி யார் தடுக்க முடியும்?

ஷ்லாஃப்லி தடுத்தார். இது வந்தால் உங்கள் மகளைப் பட்டாளத்துக்கு இழுத்துப்போவார்கள், இல்லத்தரசிக்குப் புருஷன் சம்பாத்தியத்தில் உள்ள உரிமை போய்விடும் என்றார். அவரது பெண்கள் படை, வீட்டில் சுட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களின் அறைக் கதவைத் தட்டியது. திருத்தம் 35ல் நின்றது. 1982 ஜூன் 30ம் தேதி கெடு முடிந்தது. பெண்ணின் இடம் வீடுதான் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிய அந்த அம்மாள், நடுவில் 1978ல் சட்டப்படிப்பையும் முடித்து வக்கீல் ஆகிவிட்டார் என்பது உபகதை.

1978 ஜூனில் கலிஃபோர்னியாவில் வீட்டுவரிக்கு எதிராக ஒரு மக்கள் வாக்கெடுப்பு. விலைவாசி ஏற ஏற வீட்டின் மதிப்பும் ஏறி, வரியும் ஏறி, பென்ஷன் வாங்குகிற கிழவர்கள் சொந்த வீட்டை விற்றுவிட்டுப் போகவேண்டிய நிலை. வரி மதிப்பில் ஒரு சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்ற தீர்மானம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுக்கு நெருக்கமாக வாங்கி ஜெயித்தது. வரிக்கோபம் பணக்காரர்களின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். இந்த நியாயமான கோபத்தையும் சேர்த்துத்தான் இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியும்.

மூன்றாவதாக, பாதிரியார்கள். வர்ஜீனியாவில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பிரசங்கி, 1965ல் மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலங்களைக் கண்டித்தார். போதகருக்கு எதற்கு அரசியல் என்பது அவர் வாதம். அதே ஃபால்வெல் 1979ல் 'மாரல் மெஜாரிட்டி' என்று அரசியல் அமைப்பே தொடங்கினார். நடுவில் என்ன ஆனது? 1973ல் கருக்கலைப்பை உரிமையாக்கிய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பிறகு, கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்காத தனியார் பள்ளிகளுக்கு வரிச்சலுகை கிடையாது என்று 1978ல் வருமானவரித் துறை கிளப்பிய பிரச்னை. தெற்கில் சர்ச்சுகள் நடத்திய பள்ளிகள் பல அதில் சிக்கின. கடவுள் கோபப்பட்டாரோ இல்லையோ, கணக்கு வழக்கில் கை வைத்ததும் போதகர்கள் கோபப்பட்டார்கள்.

1980ல் ரீகன் வேட்பாளர் ஆனார். ஆகஸ்ட் 3ம் தேதி, மாநாடு முடிந்த சூட்டோடு மிசிசிப்பியில் ஒரு திருவிழாவில் பேசினார். மாநிலங்களின் உரிமையில் எனக்கு நம்பிக்கை உண்டு என்றார். பேசிய இடம் நெஷோபா. மூன்று இளைஞர்கள் கொன்று புதைக்கப்பட்ட அதே நெஷோபா. பிணங்கள் கிடைத்த நாளுக்கு ஒரு நாள் குறைவாக 16 வருஷம். அந்த மூவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பரில் 44 மாநிலங்களில் ஜெயித்தார். எலக்டோரல் ஓட்டு 489க்கு 49. அப்படியே 1964ன் தலைகீழ். 1964ல் ஜெயித்தது கோல்ட்வாட்டர்தான், ஓட்டை எண்ணி முடிக்கத்தான் 16 வருஷம் ஆகிவிட்டது என்று ஜார்ஜ் வில் என்ற பத்தி எழுத்தாளர் வேடிக்கையாகச் சொன்னார். அந்த வாக்கியம் நிலைத்துவிட்டது.

*

ஜெயித்து என்ன செய்தார்கள்? உச்சப்படி வருமானவரி 70 சதவிகிதத்திலிருந்து இரண்டு கட்டமாக 28 ஆனது. கொள்கைக்கு வெற்றி. ஆனால், அரசாங்கம் சிறுத்ததா என்றால், இல்லை. வரி குறைந்தது, ராணுவச் செலவு ஏறியது, இடைவெளியைக் கடன் நிரப்பியது. எட்டு வருஷத்தில் தேசத்தின் கடன் ஏறத்தாழ 90,000 கோடி டாலரிலிருந்து 2.6 லட்சம் கோடி டாலருக்கு மேல் போனது. எந்தப் பென்ஷன் திட்டத்தின்மேல் கை வைப்பார் என்று கோல்ட்வாட்டரைத் தோற்கடித்தார்களோ, அந்தத் திட்டம் 1983ல் தள்ளாடியபோது, சம்பளத்தில் பிடிக்கும் வரியை உயர்த்தி அதைக் காப்பாற்றியதே ரீகன்தான். ரூஸ்வெல்ட் கட்டிய வீட்டை இடிக்க வந்தவர், அதற்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்.

மிசிசிப்பி என்ன ஆயிற்று? 1976க்குப் பிறகு ஜனாதிபதித் தேர்தலில் அது ஜனநாயகக் கட்சி பக்கம் திரும்பவே இல்லை. 1964ன் தொகுதிக் கணக்கு, தலைமுறைகளுக்கான கணக்காகிவிட்டது.

விகரிக்கும் திருப்தி இல்லை. ரீகன் ஆட்சி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே போதாது போதாது என்று முணுமுணுத்தார். 2006ல் ஜார்ஜ் புஷ் தங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று தனிப்புத்தகமே போட்டார். கோபத்தை விற்கிற கடையில் திருப்தி ஸ்டாக் இருக்காது.

எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்த மனிதர்?

1968ல் மறுபடி செனட்டுக்கு வந்த கோல்ட்வாட்டர் 1987 ஜனவரி வரை அங்கே இருந்தார். 1981ல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியாக அரிசோனாவின் சாண்ட்ரா டே ஓகானரை ரீகன் நியமித்தபோது, நல்ல கிறிஸ்தவர்கள் கவலைப்படவேண்டும் என்றார் ஃபால்வெல். ஃபால்வெல்லின் பின்புறத்தில் நல்ல கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஓர் உதை விடவேண்டும் என்றார் கோல்ட்வாட்டர். பிற்காலத்தில் கருக்கலைப்பு பெண்ணின் சொந்த முடிவு என்று பேசினார். ஓரினச் சேர்க்கையாளர்கள் ராணுவத்தில் சேர்ந்தால் உனக்கென்ன, ஒழுங்காகச் சுடத் தெரிந்தால் போதாதா என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை அவர் மாறவே இல்லை. கடைக்காரன் விஷயத்தில் தலையிடாதே என்ற அதே வாதத்தைத்தான் படுக்கையறைக்கும் நீட்டினார். அவர் பெயரால் திரண்ட கூட்டத்துக்கு அது தாங்கவில்லை. அரிசோனா கட்சிக்காரர்கள் சிலர், அவர் பெயர் வைத்த கட்டடங்களில் பெயரையே மாற்றவேண்டும் என்று கிளம்பினார்கள்.

1996ல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் பாப் டோல் ஃபீனிக்ஸுக்கு வந்து கிழவரைப் பார்த்தார். இந்தக் கட்சியில் இப்போது நாம்தான் இடதுசாரி, கற்பனை பண்ணிப் பார்க்க முடிகிறதா என்று டோலிடம் சொல்லிச் சிரித்தாராம் கோல்ட்வாட்டர். இரண்டு வருஷம் கழித்து, 1998 மே 29ம் தேதி இறந்துபோனார்.

கடை இன்றைக்கும் ஜேஜே என்று நடக்கிறது. நோட்டு கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விட்டது. முதல் பக்கத்தில் இருந்த 12,500 பேரும் 1964ல் காசு அனுப்பியது, அரசாங்கம் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று சொன்ன ஒருவருக்கு. மிசிசிப்பியில் அதே வருஷம் ஓட்டர் பட்டியலில் பெயர் எழுதப் போனவர்களுக்கு, அரசாங்கம் வந்து கட்டாயப்படுத்தினால் ஒழிய வேறு வழியே இருக்கவில்லை.

அந்த இரண்டு பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் அமெரிக்க அரசியல் பிடிபடாது.